திருமணக் கேக்: காட்சிக்கா, பந்திக்கா?

திருமண விருந்து மண்டபத்தின் நடுவே அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் கேக், உண்ணும் பண்டமாகவும் கண்ணுக்கு விருந்தாகவும் சடங்கின் கருவியாகவும் ஒரே வேளையில் விளங்க வேண்டிய பொருளாகும். இம்மூன்று கடமைகளும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. உயரமான கேக் சுவையில் குறைவதும், சுவையான கேக் வெயிலில் சரிவதும், அழகான கேக் விருந்தினரின் தட்டை எட்டாமலே போவதும் எங்கும் காணக்கூடியவை. இந்த இழுபறிக்கு ஒவ்வொரு காலத்து நாகரிகமும் தனக்கேற்ற தீர்வொன்றைக் கண்டிருக்கிறது. பிரிட்டனில் உருப்பெற்று, பேரரசின் வழியே பல நாடுகளுக்குப் பரவி, இலங்கையிலும் தமிழகத்திலும் வேரூன்றிய இக்கேக்கின் ஏறத்தாழ 250 ஆண்டு வரலாற்றை ஆராய்ந்தால், ஒவ்வொரு புதுப்பாணிக்குப் பின்னாலும் சர்க்கரையின் விலை, போர்க்காலத் தட்டுப்பாடு, படமெடுக்கும் கருவி என ஏதேனும் ஓர் உறுதியான காரணம் இருந்தது புலப்படும். அக்காரணத்தை அறிந்து தேர்ந்தெடுக்கும் குடும்பத்துக்கு நாகரிகம் துணையாகிறது. படத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்துக்கு அதுவே சுமையாகிறது.

இறைச்சிப் பண்டத்திலிருந்து பழக் கேக்குக்கு

மணச்சடங்கில் மாவுப் பண்டத்துக்கு இடமளிக்கும் வழக்கம் மிகப் பழமையானது. பண்டைய ரோமில் உயர்குடியினர் மேற்கொண்ட ‘கன்ஃபாரியாட்டியோ’ என்னும் மணமுறையில், கோதுமை இனத்தைச் சேர்ந்த ஒரு பழந்தானியத்தின் மாவால் செய்த அப்பம் யூப்பிட்டர் கடவுளுக்குப் படைக்கப்பட்டது. ஆயினும் இன்றைய திருமணக் கேக்கை அந்த அப்பத்தின் நேர்வாரிசாகக் கருதுவதற்குப் போதிய சான்றில்லை. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் திருமண விருந்தில் இடம்பெற்ற பண்டங்களுள் ஒன்று இனிப்போடு தொடர்பே இல்லாதது; ராபர்ட் மே என்னும் சமையற்கலைஞர் 1660இல் வெளியிட்ட நூலில் விவரிக்கப்படும் ‘மணமகள் பை’ என்பது, சேவற்கொண்டை, ஆட்டின் உள்ளுறுப்புகள், சிப்பி முதலியவற்றை மாவுக் கூட்டுக்குள் வைத்துச் சுட்ட பெரும் பண்டம் ஆகும்.

இன்றைய வடிவத்துக்கு அடிப்படையான குறிப்பு, எலிசபெத் ராஃபால்ட் என்னும் பெண்மணி 1769இல் மான்செஸ்டரில் வெளியிட்ட சமையல் நூலில் காணப்படுகிறது. பெரிய வீடொன்றில் நிர்வாகப் பொறுப்பு வகித்துப் பின்னர் மான்செஸ்டரில் இனிப்புக்கடை நடத்திய அவர், நான்கு பவுண்டு மாவு, நான்கு பவுண்டு வெண்ணெய், இரண்டு பவுண்டு சர்க்கரை, ஒரு பவுண்டு மாவுக்கு எட்டு முட்டை என்னும் கணக்கில் முப்பத்திரண்டு முட்டை, நான்கு பவுண்டு உலர்திராட்சை, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, பிராந்தி ஆகியவற்றைக் கொண்டு மணமகள் கேக் செய்யும் முறையை விளக்குகிறார். கேக்கின் மேல் முதலில் பாதாம் பசையையும், அதன்மேல் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்தடித்த வெண்பூச்சையும் இடவேண்டும் என்னும் அவருடைய முறை இன்றுவரை மரபுக் கேக்கின் இலக்கணமாக நீடிக்கிறது. இவ்வீரடுக்குப் பூச்சு வெறும் அலங்காரத்துக்காக அமைந்ததாகாது. பழக் கேக்கின் கருநிறமும் எண்ணெய்ப் பசையும் வெண்பூச்சில் கசிந்து கறைபடுத்தாமல் பாதாம் பசை தடுக்கிறது. இறுகிய வெண்பூச்சோ உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமலும் வெளிக்காற்று உட்புகாமலும் காத்து, கேக் மாதக்கணக்கில் கெடாதிருக்க உதவுகிறது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், தொலைவிலுள்ள உறவினருக்கும் துண்டுகளை அனுப்பிவைக்கக்கூடிய இனிப்பு ஒன்று தேவைப்பட்டபோது, பழமும் மதுவும் சர்க்கரையும் செறிந்த இக்கேக் அத்தேவையை முழுமையாக நிறைவு செய்தது.

வெண்மையின் விலை

திருமணக் கேக்கின் வெண்மையைத் தூய்மையின் அடையாளமாக விளக்குவது பிற்கால வழக்கம். 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியிலும் தூய வெள்ளைச் சர்க்கரை விலையுயர்ந்த சரக்காக இருந்ததால், மாசற்ற வெண்பூச்சு அக்குடும்பத்தின் செல்வநிலையை ஊருக்கு அறிவித்தது. விக்டோரியா அரசி 1840 பிப்ரவரி 10ஆம் நாள் ஆல்பர்ட்டை மணந்தபோது செய்யப்பட்ட கேக் ஏறத்தாழ 300 பவுண்டு, அதாவது 136 கிலோகிராம் எடையும், ஒன்பது அடி சுற்றளவும் கொண்டது. ஆனால் அது உயரமான கோபுரமாக இருக்கவில்லை. ஒரே தட்டாக அமைந்த அதன் மேற்பரப்பில், பிரிட்டானியா என்னும் நாட்டுருவகப் பெண் மணமக்களை வாழ்த்துவதாகச் சர்க்கரைச் சிற்பங்கள் வைக்கப்பட்டன. அந்தக் கேக்கின் துண்டொன்று 2016இல் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் 1,500 பவுண்டுக்கு விற்பனையானது என்பது, அரச நினைவுப் பொருள்களின் மதிப்பையும் பழக் கேக்கின் தாங்குதிறனையும் ஒருங்கே உணர்த்துகிறது.

கேக் மேல்நோக்கி வளரத் தொடங்கியது விக்டோரியாவின் பிள்ளைகளின் திருமணங்களில்தான். 1858இல் மூத்த மகளின் திருமணத்துக்குச் செய்யப்பட்ட உயர்ந்த கேக்கில் அடித்தட்டு மட்டுமே உண்மையான கேக்காக இருக்க, மேலடுக்குகள் சர்க்கரையால் வனையப்பட்ட வேலைப்பாடுகளாக அமைந்தன. 1882இல் இளவரசர் லியோபோல்டின் திருமணத்தில்தான் எல்லா அடுக்குகளும் உண்ணத்தக்க கேக்காக உருவாயின. கல்போல் இறுகும் வெண்பூச்சு இல்லையெனில், கனத்த பழக் கேக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றவும், அவற்றுக்கிடையே தூண்களை நிறுத்தவும் இயன்றிருக்காது. ‘ராயல் ஐசிங்’ எனப் பெயர்பெற்ற இப்பூச்சு அளவுக்கு மீறி இறுகாதிருக்கக் கைவினைஞர்கள் அதில் சிறிதளவு கிளிசரின் சேர்ப்பதுண்டு.

அரண்மனையின் கேக் நடுத்தர வர்க்கத்தின் மேசைக்கு வந்ததற்குப் பொருளாதாரக் காரணங்கள் உண்டு. 1843இல் பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்ட் என்னும் மருந்தாளர், முட்டையும் ஈஸ்டும் ஒவ்வாத தம் மனைவிக்காக உருவாக்கிய பேக்கிங் பவுடர், கைவலிக்க மாவை அடிக்கும் உழைப்பைக் குறைத்து இலேசான கேக்குகளுக்கு வழிதிறந்தது. 1874இல் பிரிட்டிஷ் அரசு சர்க்கரை வரியை முற்றிலுமாக நீக்கியதால், வெண்பூச்சு எளியோருக்கும் எட்டியது. 1842இல் தொடங்கிய ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ போன்ற படப்பத்திரிகைகள் அரச கேக்குகளின் வரைபடங்களை வெளியிட, ஊர்தோறும் இருந்த ரொட்டிக்கடைகள் அவற்றைப் பார்த்துச் செய்யத் தொடங்கின. படத்தைக் காட்டி அதேபோல் செய்து தரும்படி கேட்கும் இன்றைய பழக்கம், இவ்வாறு கைப்பேசி தோன்றுவதற்கு நூறாண்டுக்கும் முன்பே வேர்கொண்டுவிட்டது.

தட்டுப்பாட்டுக் காலமும் பத்தாயிரம் மைல் கேக்கும்

பகட்டு இல்லாவிட்டாலும் சடங்கு நிலைத்து நிற்கும் என்பதை இரண்டாம் உலகப் போர் மெய்ப்பித்தது. பிரிட்டனில் 1940 ஜனவரி 8ஆம் நாள் சர்க்கரை பங்கீட்டுக்குள் வந்தது. அதே ஆண்டில், சுட்டெடுத்த கேக்கின் வெளிப்புறத்தில் சர்க்கரைப் பூச்சு இடுவது தடைசெய்யப்பட்டது. அதனால் சிறிய எளிய கேக் ஒன்றின்மேல் அட்டையாலோ பாரிஸ் சாந்தாலோ செய்த அடுக்குக் கூடு கவிழ்க்கப்பட்டு, புகைப்படம் எடுத்தபின் கூடு அகற்றப்பட்டு உள்ளிருந்த கேக் வெட்டப்பட்டது. இத்தகைய கூடுகள் வாடகைக்கும் கிடைத்தன. உண்பதற்கு உரியதும் காட்சிக்கு உரியதும் தனித்தனியே பிரிந்த அக்கால ஏற்பாட்டை வறுமையின் சின்னமாக மட்டும் பார்ப்பது பொருந்தாது. இருந்ததைக் கொண்டு மங்கல நாளைச் சிறப்பிக்க மக்கள் கண்ட கண்ணியமான வழி அது.

போர் முடிந்தபின்னும் பங்கீடு தொடர்ந்தது. 1947 நவம்பர் 20ஆம் நாள் இளவரசி எலிசபெத் மணந்தபோது, மெக்விட்டீஸ் அண்ட் பிரைஸ் நிறுவனம் நான்கு அடுக்குகளுடன் ஒன்பது அடி உயரமும் 500 பவுண்டு எடையும் கொண்ட கேக்கை உருவாக்கியது. ஆஸ்திரேலியச் சிறுமியர் சாரணர் இயக்கம் அதற்கான பொருள்களைக் கடல்கடந்து அனுப்பிவைத்ததால் அது ‘பத்தாயிரம் மைல் கேக்’ எனப் பெயர்பெற்றது. ஏறத்தாழ 2,000 துண்டுகளாக அது பகிரப்பட்டது. சர்க்கரைப் பங்கீடு 1953இல்தான் முடிவுக்கு வந்தது என்பதைக் கருதினால், அந்தக் கேக் மக்கள் மனத்தில் பெற்ற இடம் எளிதில் விளங்கும்.

பழத்திலிருந்து எலுமிச்சைக்கு

1981இல் இளவரசர் சார்லஸ், டயானா திருமணத்துக்கான கேக்கைக் கடற்படைச் சமையற்பள்ளி பதினான்கு வாரங்கள் உழைத்து உருவாக்கியது. வழியில் சேதமுற்றால் மாற்று இருக்கவேண்டும் என்பதற்காக ஒரே மாதிரியான இரண்டு கேக்குகள் செய்யப்பட்டன. அதே பத்தாண்டில் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் செழித்த சர்க்கரைக் கைவினை பிரிட்டனுக்குள் நுழைந்து, கல்போல் இறுகும் பூச்சின் இடத்தைத் துணிபோல் விரித்துப் போர்த்தப்படும் ஃபாண்டன்ட் பிடிக்கத் தொடங்கியது. சர்க்கரைத்தூள், குளுக்கோஸ், ஜெலட்டின் முதலியவற்றைப் பிசைந்து சப்பாத்தி மாவைப் போலத் தேய்க்கப்படும் ஃபாண்டன்ட், மென்மையான விளிம்புகளையும் மழமழப்பான பரப்பையும் அளித்தது. அதே வேளையில் அதன் மிகையினிப்பு பலரை அதை உரித்து ஒதுக்கவும் வைத்தது.

2011இல் இளவரசர் வில்லியம், கேத்தரின் திருமணத்துக்குக் கேக் கலைஞர் ஃபியோனா கெய்ர்ன்ஸ் எட்டடுக்குப் பழக் கேக்கைச் சர்க்கரைப் பூக்களால் அணிசெய்தார். மணமகனின் விருப்பத்துக்காகச் சுடாமல் செய்யும் சாக்லேட் பிஸ்கட் கேக்கும் தனியாக இடம்பெற்றது. 2018இல் இளவரசர் ஹாரி, மேகன் திருமணத்தில் மரபே மாறியது. லண்டனில் கேக் கடை நடத்தும் கிளேர் டாக், 200 எலுமிச்சை, 500 முட்டை, வெண்ணெய், மாவு, சர்க்கரை ஆகியவற்றில் தலா 20 கிலோகிராம், எல்டர்பூச் சாறு பத்துப் புட்டி ஆகியவற்றைக் கொண்டு உருவாக்கிய பட்டர்கிரீம் கேக் பழக் கேக்கின் இடத்தையும், புதுப்பூக்கள் சர்க்கரைப் பூவின் இடத்தையும் பெற்றன. மாதக்கணக்கில் வைத்திருப்பதற்கான கேக் என்னும் கருத்து விலகி, அன்றே சுவைப்பதற்கான கேக் என்னும் கருத்து மேலோங்கியதை இம்மாற்றம் காட்டுகிறது.

2010களில் பரவிய ‘நேக்கட் கேக்’, பக்கங்களில் பூச்சே இல்லாமல் அடுக்குகளும் நிரப்புகிரீமும் வெளித்தெரிய விடப்படுவதாகும். நியூயார்க்கின் இனிப்புக்கலைஞர் கிறிஸ்டினா டோசி அதைப் பிரபலப்படுத்தியவராகக் கருதப்படுகிறார். பூச்சு ஈரத்தைக் காக்கும் என்னும் ராஃபால்ட் காலத்து அறிவை அது புறக்கணிப்பதால், வெட்டும் வேளைக்குச் சற்று முன்னரே அமைக்கப்படாவிட்டால் கேக் எளிதில் வறண்டுவிடும். அதற்கு எதிர்முனையில், கேக் அலங்காரக் கலைஞர் ஜோசப் லாம்பெத் 1934இல் வெளியிட்ட நூலின் வழி அவர் பெயரைத் தாங்கிய முறை அண்மை ஆண்டுகளில் மீண்டும் விரும்பப்படுகிறது. ஒரு வரிப்பூச்சு காய்ந்தபின் அதன்மேல் மற்றொரு வரி என அடுக்கடுக்காகப் பிழிந்து, தொங்கல்களும் கொசுவங்களும் புடைத்து நிற்கச் செய்யும் அம்முறை, இறுகும் ராயல் ஐசிங்குக்காகவே வகுக்கப்பட்டது. இன்று அதே தோற்றம் மென்மையான பட்டர்கிரீமில் செய்யப்படுவதால், குளிர்ந்த நாட்டில் நிமிர்ந்து நிற்கும் தொங்கல் வெப்பமான மண்டபத்தில் தளர்ந்துவிடுகிறது. ஒரு பாணி பிறந்த இடத்தின் பருவநிலையும் பொருளும் அதனோடு சேர்ந்தே வரவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1980களில் கிளாஸ்கோ நகரில் களஆய்வு செய்த மானிடவியலாளர் சைமன் சார்ஸ்லி, திருமணக் கேக்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். மக்கள் முதலில் ஒரு செயலைச் செய்யத் தொடங்கி, பிறகே அதற்குப் பொருள் கற்பிக்கிறார்கள் என்பது அவருடைய ஆய்வின் மையக் கருத்துகளுள் ஒன்று. மணமக்கள் இருவரும் கைகோத்துக் கத்தியைப் பிடிப்பதும் அத்தகையதே. இறுகிய வெண்பூச்சை மணமகளால் தனியே வெட்ட இயலாதபோது மணமகன் கைகொடுத்த நடைமுறை உதவி, பின்னர் இல்வாழ்வின் முதற்பணி எனப் போற்றப்பட்டது. காரணம் மாறினாலும் அச்செயலின் அழகு குன்றவில்லை.

பிற நாடுகளின் வழிகள்

பிரிட்டிஷ் வடிவமே ஒரே வடிவம் என்று கொள்வதற்கில்லை. பிரான்சில் கிரீம் நிரப்பிய சிறு மாவுருண்டைகளைச் சர்க்கரைப் பாகால் ஒட்டிக் கூம்பாக எழுப்பும் ‘குரோக்காம்புஷ்’ வழங்கப்படுகிறது. நார்வேயில் பாதாம் மாவு வளையங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கிய ‘கிரான்சகாக’ விருந்தை அலங்கரிக்கிறது. இவ்விரண்டிலும் விருந்தினர் கையால் பிரித்தெடுத்து உண்ணும் வகையில் பகிர்வே வடிவத்தை முடிவு செய்திருக்கிறது. ஜப்பானிய மண்டபங்களில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவலாக இருந்த உயர்ந்த கேக்குகளோ பெரும்பாலும் செயற்கையானவை. மணமக்கள் கத்தியைச் செருகுவதற்கென ஒரு பிளவு மட்டும் அவற்றில் விடப்பட்டிருந்தது.

இலங்கை கண்ட விடை

காட்சியையும் பந்தியையும் இணைக்கும் சிக்கலுக்கு இலங்கைச் சமூகங்கள் கண்ட விடை தனித்த கவனத்துக்கு உரியது. பிரிட்டிஷ் பழக் கேக்கை ஏற்ற இலங்கைச் சமையலறைகள், கோதுமை மாவுக்குப் பதிலாக வறுத்த ரவையையும், பாதாமுக்குப் பதிலாகக் கஜுவையும் அதாவது முந்திரியையும், நீற்றுப்பூசணியின் சர்க்கரைப் பதத்தையும், இஞ்சிப் பதத்தையும், தேனையும், பன்னீரையும், ஏலம், கறுவா, கராம்பு, ஜாதிக்காய் ஆகியவற்றையும் சேர்த்து ‘ரிச் கேக்’ என்னும் தனிவகையைப் படைத்தன. மிகுதியான முட்டை மஞ்சட்கருவும் நுண்ணிதாக அரிந்த பழங்களும் சேர்வதால் அது ஈரப்பதத்தோடும் செறிவோடும் விளங்குகிறது.

மணமேடையருகே நிற்கும் அலங்கார அமைப்பு அங்கு ‘ஸ்ட்ரக்சர்’ எனப்படுகிறது. ரெஜிபோம் போன்ற இலேசான பொருளால் செய்து வெண்பூச்சிட்ட அதில், வெட்டுவதற்கான பகுதி மட்டுமே உண்மையான கேக்காக இருப்பதுண்டு. விருந்தினருக்கான கேக்கோ முன்னரே நீள்சதுரத் துண்டுகளாக வெட்டப்பட்டு, மெழுகுத்தாளிலும் பளபளக்கும் தாளிலும் சுற்றப்பட்டு, மணமக்களின் பெயர் பொறித்த சிறு பெட்டிகளில் இடப்பட்டு, ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கப்படுகிறது. மணமாகாத பெண் அத்துண்டைத் தலையணையின்கீழ் வைத்து உறங்கினால் வருங்காலக் கணவனைக் கனவில் காண்பாள் என்னும் பழைய ஆங்கில நம்பிக்கையும் இப்பெட்டியோடு சேர்ந்தே அத்தீவை அடைந்தது. விருந்துக்கு வர இயலாத முதியவருக்கும் நோயாளிக்கும் அயலாருக்கும் கூட ஒரு துண்டு போய்ச்சேர்வதை இம்முறை உறுதிசெய்கிறது. பகிர்தலை முதன்மையாகக் கொண்ட மரபு என்ற வகையில், இதை உலகின் சிறந்த திருமணக் கேக் முறைகளுள் ஒன்றாகக் கொள்வது மிகையாகாது.

தமிழகத்தில் நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி முதலிய பகுதிகளின் கிறித்தவக் குடும்பங்களில் ஆலயச் சடங்குக்குப் பிந்தைய வரவேற்பில் கேக் வெட்டுவது நெடுநாளைய வழக்கம். அண்மைக் காலத்தில் பிற சமயக் குடும்பங்களின் வரவேற்பு நிகழ்ச்சிகளிலும் அது இடம்பெறுகிறது. ஆயினும் நூற்றுக்கணக்கானோர் திரளும் மண்டபங்களில், மேடையில் வெட்டப்படும் கேக் முதல் வரிசையைத் தாண்டிச் செல்வது அரிதாக இருக்கிறது. இலையில் பரிமாறப்படும் விருந்தின் பட்டியலில் அதற்கு இடமே ஒதுக்கப்படுவதில்லை. இக்குறையைத் திருத்துவது குடும்பத்தினர் கையில்தான் இருக்கிறது.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் தீர்மானிக்க வேண்டியது எண்ணிக்கை. ஓரங்குல அகலம், ஈரங்குல நீளம், நான்கங்குல உயரம் என்பது திருமணத் துண்டுக்குப் பன்னாட்டளவில் பின்பற்றப்படும் அளவுகளுள் ஒன்று. அவ்வளவின்படி நான்கங்குல உயரமுள்ள வட்டக் கேக்குகளில் ஆறங்குல விட்டமுள்ளது ஏறத்தாழ 12 பேருக்கும், எட்டங்குலம் 24 பேருக்கும், பத்தங்குலம் 38 பேருக்கும், பன்னிரண்டங்குலம் 56 பேருக்கும் போதுமானது. ஆகவே இந்நான்கையும் அடுக்கினால்கூட 130 பேருக்கே கிடைக்கும். அறுநூறு பேர் வரும் வரவேற்புக்கு மேடையில் மேலும் மேலும் அடுக்குகளை ஏற்றுவதைக் காட்டிலும், மேடைக்குச் சிறிய அழகிய கேக் ஒன்றும், சமையற்கட்டில் அதே மாவிலும் சுவையிலும் செய்த தட்டைச் சதுரக் கேக்குகளும் வைத்துக்கொள்வது செலவையும் வீணாவதையும் குறைக்கும்.

இரண்டாவது பருவநிலை. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகிவிடும். அதற்கு முன்னரே தளரத் தொடங்கும். சென்னையின் மே மாதப் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுவதாலும், படப்பிடிப்பு விளக்குகள் மேலும் சூடேற்றுவதாலும், வெண்ணெய்க் கிரீமை மட்டும் நம்பிய கேக் மணிக்கணக்கில் நிற்க இயலாது. சாக்லேட்டையும் கிரீமையும் சேர்த்துக் காய்ச்சி ஆறவைக்கும் ‘கனாஷ்’ என்னும் பூச்சில், சாக்லேட்டின் பங்கைக் கருஞ்சாக்லேட்டாயின் இரண்டுக்கு ஒன்று என்றும், வெள்ளைச் சாக்லேட்டாயின் மூன்றுக்கு ஒன்று என்றும் கூட்டினால் அது இறுகி நின்று கேக்கின் வடிவைக் காக்கும். ஃபாண்டன்ட் வெப்பத்தை ஓரளவு தாங்கினாலும், சர்க்கரை காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையதால் கடலோர ஊர்களில் பிசுபிசுப்பாகும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அதன்மேல் நீர்த்துளி படியும். பழக் கேக்கும் இலங்கை ரிச் கேக்கும் வெப்பநாட்டுக்கு மிகப் பொருத்தமானவை என்பதை நூற்றாண்டுப் பட்டறிவு நிறுவியிருக்கிறது.

மூன்றாவது கட்டமைப்பு. அடுக்குக் கேக்கில் ஒவ்வோர் அடுக்கும் தனித்தனி அட்டையின்மேல் நிற்க, கீழடுக்குக்குள் செங்குத்தாகச் செருகிய தாங்குகுச்சிகள் மேலடுக்கின் எடையை நேராக அடிப்பலகைக்குக் கடத்த வேண்டும். குச்சிகள் இல்லாத கேக், மேலடுக்கின் சுமையால் பக்கவாட்டில் பிதுங்கிச் சரியும். நெடுந்தொலைவு கொண்டுசெல்வதாயின் அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டிகளில் எடுத்துச்சென்று மண்டபத்திலேயே இணைப்பதும், சமதளமான மேசையில் வெயிலும் விளக்கும் படாத இடத்தில் வைப்பதும் நல்லது. இவற்றைச் செய்பவர் யார், எத்தனை மணிக்குச் செய்வார் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே எழுத்தில் பெற்றுக்கொள்வது இரு தரப்பாருக்கும் நன்மை தரும்.

நான்காவது உண்போரின் உடல்நலம். புதுப்பூ அணிசெய்யும் பாணியில் எல்லாப் பூக்களும் பாதுகாப்பானவை என எண்ணிவிடக் கூடாது. அரளியும், தமிழகத்தின் மாநிலப் பூவாகிய செங்காந்தளும், ஐரோப்பியத் திருமணங்களில் விரும்பப்படும் பள்ளத்தாக்கு லில்லியும் நஞ்சுடையவை. ரோசா போன்ற உண்ணத்தக்க பூக்களும் பூச்சிமருந்து தெளிக்கப்படாதவையாக இருத்தல் வேண்டும். பொன்னும் வெள்ளியுமாக மின்னும் தூள்களிலும் இதே எச்சரிக்கை தேவை. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2018இல் பிறந்தநாள் கேக்கின்மேல் தூவிய மின்னுதூளிலிருந்த செம்பால் ஆறு குழந்தைகள் நோயுற்றனர். ‘நச்சற்றது’ எனக் குறிக்கப்பட்ட தூள் உண்ணத்தக்கது ஆகிவிடாது. உணவுத் தரம் வாய்ந்தது என்னும் குறிப்பும் உட்பொருள் பட்டியலும் உறையில் இருக்கின்றனவா என்று பார்த்தே அனுமதிக்க வேண்டும். முந்திரி, பாதாம் ஒவ்வாதவர்களுக்காக உட்பொருள்களைச் சிறு அட்டையில் எழுதி மேசையில் வைப்பது எளிய, பொறுப்பான செயல்.

இந்திய உணவுச் சட்டம் முட்டை சேர்ந்த பண்டத்தை அசைவமாகவே குறியிடுகிறது. ஆதலால் சைவ உறவினர் மிகுந்த திருமணத்தில், சுண்டக் காய்ச்சிய இனிப்புப்பால் அல்லது தயிருடன் சமையல் சோடா சேர்த்துச் செய்யும் முட்டையில்லாக் கேக்கை ஒரு பகுதியாகவேனும் வைப்பது முறையாகும். மது தவிர்க்கும் குடும்பத்தினர் பழங்களைப் பிராந்திக்குப் பதிலாக ஆரஞ்சுச் சாற்றிலோ திராட்சைச் சாற்றிலோ ஊறவைக்கலாம். ஆனால் மதுவின் காப்புத்திறன் அச்சாற்றுக்கு இல்லாததால் அக்கேக்கைக் குறைந்த நாள்களிலேயே பயன்படுத்திவிட வேண்டும்.

கால அட்டவணையும் இதனோடு இணைந்தது. மதுவூட்டிப் பதப்படுத்தும் பழக் கேக்குக்கு இரண்டு, மூன்று மாதங்களும், சர்க்கரைப் பூக்களுக்குச் சில வாரங்களும் தேவைப்பட, ஸ்பாஞ்ச் கேக்கைத் திருமணத்துக்கு ஓரிரு நாள்களுக்கு முன்புதான் சுட இயலும். மாதிரியைச் சுவைத்துப் பார்க்கும்போது, குளிரூட்டிய கடையில் சுவைப்பதோடு நில்லாமல் அறைவெப்பத்தில் இரண்டு மணிநேரம் வைத்தபின்னும் பார்ப்பது, அப்பாணி தங்கள் மண்டபத்துக்குப் பொருந்துமா என்பதைக் காட்டிவிடும்.

நாகரிகத்தைப் பின்பற்றுவது எவ்வாறு

நாகரிகத்தைப் பின்பற்றுவது தவறென்று கருதுவோர், மரபெனப் போற்றப்படும் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் புதுப்பாணியாக இருந்ததை மறந்துவிடுகின்றனர். அடுக்குக் கேக்கும், சர்க்கரைப் பூவும், கைகோத்து வெட்டுதலும் அவ்வாறு வந்தவையே. புதுமையை ஏற்கும்போது அதன் தோற்றத்தோடு அதற்குப் பின்னுள்ள காரணத்தையும் சேர்த்து எடைபோடுவதே அறிவுடைமை. லாம்பெத் தொங்கல்களை விரும்பும் மணமக்கள் அவற்றை இறுகும் பூச்சில் செய்யச் சொல்லலாம். நேக்கட் கேக்கை விரும்புவோர் அதைச் சிறிய மாலை விருந்துக்கு வைத்துக்கொள்ளலாம். உயரமான கோபுரத்தை விரும்புவோர் இலங்கையின் வழியில் அமைப்பை வாடகைக்குப் பெற்று, மிச்சமாகும் பணத்தை ஒவ்வொரு விருந்தினருக்குமான துண்டில் செலவிடலாம்.

திருமணக் கேக்குக்குத் திட்டமிடும் குடும்பங்கள் கடைக்குப் படத்தை எடுத்துச்செல்லும் முன், எத்தனை பேர் உண்பார்கள், எந்த மாதத்தில், எந்த மண்டபத்தில், எத்தனை மணிநேரம் அது நிற்கும், யாருக்கு எது ஒவ்வாது என்னும் விவரங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச்செல்ல வேண்டும். அந்தத் தாளை முதலில் கேட்டு வாங்கிப் படித்தபின் படத்தைப் பார்க்கும் கைவினைஞரே தேர்ந்தெடுக்கத் தக்கவர். வாழ்த்த வந்த ஒவ்வொருவருக்கும் நல்ல துண்டு ஒன்று கிடைக்கச் செய்யும் கேக்கே, எந்தக் காலத்து நாகரிகத்திலும் சிறந்த திருமணக் கேக் ஆகும்.